ஊசி உடைந்தால் யாரிடம் சொல்வது?

அன்புள்ள அம்மணிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதில் பாதி அழுகை, பாதி கோபம். பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்க மூன்று ராத்திரி கண்விழித்து அறுபது ஸ்லைடு செய்திருக்கிறாய். கேன்டீனில் திரை கட்டிக் காட்டினால் முன்னால் உட்கார்ந்த அக்காமார் தூங்கிவிட்டார்கள், பின்னால் ஒடிசாப் பையன்கள் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அது போதாதென்று ஃப்ளோர் இன்சார்ஜ் உள்ளே வந்து, "படம் ஓட்டி முடிச்சாச்சுங்களா? வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட்டுங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுப் போனார். அவரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டாய். நான் சொன்ன ஆறுதல் எனக்கே பிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். திருப்பூரில் இந்த வேலைக்கு வந்து முழிக்கிற பிள்ளைகள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள் என்று பொதுவிலேயே போடுகிறேன். உன் பெயரும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை, பயப்படாதே.

முதலில் அந்தத் தூக்கம். அவர்கள் காலையில் மிஷினில் உட்கார்ந்தவர்கள், நீ வகுப்பு வைத்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு உன் ஒரு மணி நேரம் என்பது அத்தனை பீஸ் கூலி. சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது அந்தக் குறை கையில் தெரியும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று எம்.டி.யிடம் கேட்டு வாங்கிவிட்டுத்தான் நீ வாயைத் திறந்திருக்க வேண்டும்.

வளர்ந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை வைத்தே பெயர் வாங்கியவர் மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கர். வளர்ந்த ஆள் ஏற்கெனவே ஒரு அனுபவத்தோடு வருகிறவர், இன்றைக்கு முன்னால் நிற்கும் சிக்கலுக்குத்தான் வழி தேடுகிறார், தன்னைப் பள்ளிப் பிள்ளையாக நடத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றெல்லாம் 1970 வாக்கில் எழுதினார். சரி, டெய்லருக்குத் துணி எடுத்து மடித்துக் கொடுக்கிற நம்மூர்க் கைமடிப் பெண்ணைப் பார்த்தாலும் இது தெரியும். டெய்லர் டீ குடிக்கப் போகிற பத்து நிமிடத்தில் வேஸ்ட் துணியை எடுத்து ஓவர்லாக் என்கிற ஓரத்தையல் மிஷினில் ஓட்டிப் பார்ப்பாள். முதல் நாள் நூல் அறும், இரண்டாம் நாள் தையல் பாம்பு மாதிரி வளையும். திரும்பி வந்த டெய்லர் துணியை ஒரு இழு இழுத்துப் பார்த்து, "பெடலை மிதிக்காத கண்ணு, தொடு" என்பார். பாடம் அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஆள் பழக்க வகுத்த டி.டபிள்யூ.ஐ. (ட்ரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி) முறையிலும் நாலே படிதான்: ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, அவரைச் செய்யவிடு, அப்புறம் போய்ப் பார். நாங்கள் எல்லாம் இரண்டாவது படியோடு எழுந்து போய்விடுவோம். நீ அதுவும் செய்யவில்லை, படம்தான் காட்டினாய். கோவிச்சுக்காதே.

இனி இன்சார்ஜ் விஷயம். என் கதையைச் சொல்கிறேன்.

குழந்தைகள் உடுப்பு தைக்கிற யூனிட் அது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, மிஷின் நம்பரும் நேரமும் எழுதின பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். நான் மூன்று தடவை வகுப்பு எடுத்தேன். மூன்று தடவையும் தலையாட்டினார்கள். ரிஜிஸ்டரோ வெள்ளையாகவே கிடந்தது. அவ்வளவு மிஷின் ஓடுகிற இடத்தில் ஊசியே உடையாமல் இருக்குமா? நாலாவது வகுப்புக்குப் படம் வரைந்துகொண்டிருந்தபோது சிங்கர் என்கிற நேர்த்தையல் மிஷினில் தைக்கிற வயதான டெய்லர் அக்கா ஒருத்தி தன் டிபன் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே கடையில் சொந்தக் காசில் வாங்கிய ஒரு பாக்கெட் ஊசி. "எங்களுக்குத் தெரியாமயா கண்ணு? ஒடைஞ்சுதுன்னு போய் நின்னா அந்தாளு வாயில உழுந்து எந்திரிக்கோணும்."

மூன்று வகுப்பும் வீண். தெரியாததற்குத்தான் வகுப்பு, பயத்துக்கு வகுப்பு எடுத்து என்ன ஆகும்?

அந்த யூனிட் இன்சார்ஜை எனக்கும் ஆகாது. என்னை "கிளாஸ் டீச்சர்" என்று கூப்பிடுவார். ஆனாலும் மறுநாள் டீ நேரத்தில் அவர் நிற்கிற இடத்துக்கே போய், ஒரு ஊசி மாற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று மட்டும் கேட்டேன். பொரிந்து தள்ளினார். ஸ்டோர் கட்டிடத்தின் அந்தக் கோடியில். போய், கையெழுத்துப் போட்டு, வாங்கி வர கால் மணி நேரம். இந்தப் பக்கம் மணிக்கொரு தரம் போர்டில் எண்ணிக்கை எழுத வேண்டும், குறைந்தால் ஆபீசில் இவருக்குத் திட்டு. ஊசிப் பெட்டியும் ரிஜிஸ்டரும் லைனிலேயே இருந்தால் என்ன என்று கேட்டது அவர்தான், நான் இல்லை. அதையே அவர் வாயால் எம்.டி.யிடம் சொல்ல வைத்தேன். அப்புறம் காந்தத்தை மிஷினடியில் ஓட்டித் துண்டு பொறுக்கிக் காட்டியதும் அவரே. காலையில், லைனில், பத்து நிமிடம். ஒடிசாப் பையன்களுக்கு, தமிழ் பழகிய அவர்கள் ஊர்க்காரன் ஒருவன் கூடவே நின்று சொன்னான். அவர் வாய் ஒன்றும் மாறிவிடவில்லை. கடைசிவரை நான் கிளாஸ் டீச்சர்தான்.

எல்லோரும் இப்படிக் கிடையாது. நீ செய்ததைத் தான் செய்ததாகக் காட்டுகிற ஆபீஸ் ஆளுக்கு டீயெல்லாம் வேண்டாம், எதையும் மெயிலில் நாலு பேருக்குக் காப்பி போட்டு அனுப்பு. பெண்களிடம் கெட்ட வார்த்தை, கை வைப்பது என்று இருந்தால் அது 'சமாளிக்கிற' சமாச்சாரமே அல்ல. வேலையிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை தருவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள்விசாரணைக் கமிட்டி இருந்தாக வேண்டும். எழுதிக் கொடு.

இந்த வாரம் ஸ்லைடை மூடிவை. ஊசி ஓட்டையோடு திரும்பி வந்த டீ-ஷர்ட் ஒன்றை இன்சார்ஜிடம் கொண்டுபோய், இது எதனால் என்று கேள். பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசி போடாமல் கூர் ஊசி போட்டால் கண்ணி அறுந்து, துவைத்ததும் ஓட்டை பெரிதாகும். உனக்கு அது தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, அவர் சொல்லட்டும்.

இன்னொன்று. ஆடிட்டுக்காக எடுக்கிற கையெழுத்துத் தாளையும் போட்டோவையும் பயிற்சி என்று நம்பிவிடாதே. என் ரிஜிஸ்டர் மறு மாதமே பக்கம் பக்கமாக நிறைந்தது. அதைப் பார்த்துவிட்டு எம்.டி. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, நீங்க ட்ரெய்னிங் குடுத்த பொறவுதான் இத்தன ஊசி ஒடையுதுங்களா?"

அன்புடன்,
அக்கா