குடவோலை பேசுகிறவர்களுக்கு: அந்த ஒரு வரியையும் வாசியுங்கள்

கிராம சபைகளிலும் உள்ளாட்சி விழாக்களிலும் உத்திரமேரூரைப் பேசும் பெருமக்களுக்கு,

வணக்கம்.

கடைசியாக எங்கள் ஊரில் நடந்த கிராம சபையில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பேச்சைக் கேட்டேன். சோழர் காலத்தில் குடத்தில் ஓலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த உத்திரமேரூரைக் காட்டி, "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஓட்டுப் போட்டவன் தமிழன்" என்றீர்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை ஆள் கணக்குக்காக அழைத்து வந்திருந்தார்கள். முதலில் கை தட்டியது அவர்கள்தான். பேச்சு சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாமே.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் உத்திரமேரூரைத்தான் சொன்னார். கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் சொல்கிற ஊர் அது. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் ஆரம்பித்து ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வரியில்தான் எனக்கு வேலை.

ஓய்வுபெற்ற கல்வெட்டு ஆய்வாளர் ஒருவருக்கு நாலு வருஷமாக வாளி தூக்குகிறேன். கல்லைக் கழுவுவது, நனைத்த தாளை ஒட்டித் தூரிகையால் தட்டுவது, மை ஒற்றுவது, காய்ந்ததும் கிழியாமல் உரிப்பது எல்லாம் பழகிவிட்டன. எழுத்து மட்டும் இன்னும் பாதிதான் பிடிபட்டிருக்கிறது. ஆனால் ஐயா கல்லைப் படிக்கும்போது சுற்றி நிற்கிறவர்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

எந்த ஊருக்குப் போனாலும் கேள்விகள் மாறுவதில்லை. முதல் கேள்வி, "புதையல் ஏதாவது எழுதியிருக்கா சார்?" அடுத்தது, "பக்கத்து ஊர்க் கோயிலைவிட இது பழசுதானே?" கொஞ்ச நேரம் கழித்து, கூட்டம் கலைந்ததும், ஒருவர் தனியாக வந்து குரலைத் தாழ்த்துவார்: "எங்க ஆளுங்க பேரு இருக்கா?" ஒருமுறை அப்படிக் கேட்டவரிடம் ஐயா, "யாரு எவ்வளவு நெல்லு பாக்கின்னு எழுதியிருக்கு. அதுல பாக்கட்டுமா?" என்றார். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஊர் ஏரியில் யாருக்கு எவ்வளவு தண்ணீர், மதகை யார் திறந்தார்கள், கரை உடைந்தால் யார் மண் போட்டார்கள் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. கல்லில் நிறைய இருப்பது அந்தச் சங்கதிகள்தான். நம் கேள்விகளைக் கேட்டாலே போதும், நாம் எப்படிப்பட்ட ஆட்கள் என்று தெரிந்துவிடும்.

இனி உத்திரமேரூருக்கு வருகிறேன். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921. ஊர் வேலைகளைப் பார்க்கும் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்க ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் இன்னொரு ஓலையை ஒளித்து வைத்துவிடக் கூடாதே! அந்த விரல்களை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அப்படிப்பட்ட வாக்குச்சாவடி அலுவலர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

"அப்ப இது தேர்தல்தானே?" என்று ஐயாவிடம் கேட்டேன்.

"குலுக்கல். யாரும் யாருக்கும் ஓட்டுப் போடல."

"சரி, குடத்துக்குள்ள யாரு பேரு போச்சு?"

"அப்படிக் கேளு."

வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும் (வேலி என்பது பழைய நில அளவு). சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் ஓதியிருக்க வேண்டும். படிப்பு கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். அந்த ஊரே ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேயம். அதே வயலில் உழுதவன் பெயரோ, நாற்று நட்டவள் பெயரோ குடத்துக்குள் போக வழியில்லை. பிரமதேயமல்லாத ஊர்களுக்கு 'ஊர்' என்றும், வணிகர்களுக்கு 'நகரம்' என்றும் வேறு அவைகள் இருந்தன. அவற்றுக்கு இவ்வளவு விரிவான விதி நமக்குக் கிடைக்கவில்லை. இது நடந்து நூறாண்டு கூட ஆகாத காலத்தில் எழுந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், வரி நீக்கிய இடங்களின் பட்டியலில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்றே வருகிறது. ஒரு பயிற்சி வகுப்பில் ஐயா இதை வாசித்தபோது, அதுவரை உற்சாகமாகக் குறிப்பெடுத்த பேனாக்கள் நின்றுபோயின.

இதைச் சொன்னால், பெருமையைக் குலைக்கிறாய் என்பீர்கள். பெருமைக்குரிய இடம் வேறொன்று இருக்கிறது, அதை நீங்கள் மேடையில் தொடுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

919-இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். இரண்டே வருஷத்தில் மாற்றினார்கள். வயது 30-லிருந்து 60 வரை என்றிருந்ததை 35-லிருந்து 70 வரை என்றாக்கினார்கள். யார் யார் வரக்கூடாது என்ற பட்டியலை நீட்டினார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஐயா சொன்ன பதில்: "திருடன் இல்லாத ஊருல பூட்டு எதுக்கு?" விதி எழுதினார்கள் என்றால், விதியை மீறினவர்கள் அங்கே இருந்தார்கள் என்று பொருள். கல்வெட்டை அப்படித்தான் தலைகீழாகவும் படிக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் முதலில் நிற்கிறவர், வாரியம் செய்து "கணக்குக் காட்டாதே இருந்தார்". அவர் மட்டுமல்ல. அவருடைய சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவு முறை நீண்டுகொண்டே போகிறது. கணக்குக் காட்டாதவனின் மைத்துனனுக்கும் பதவி கிடையாது! ஊராட்சி வேலைக் காண்டிராக்டுகள் எந்த வீட்டு மைத்துனர்களுக்குப் போகின்றன என்று தெரிந்தவர்களுக்கு இந்த வரி எப்படி இனிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கிராம சபையில் வரவு செலவு பிளக்ஸ் பேனரில் இருந்தது. உண்மைதான். கூட்டம் தொடங்கும்போது கட்டி, நிழற்படம் எடுத்து, தேநீர் வருவதற்குள் சுருட்டிவிட்டார்கள். தெருவிளக்குச் செலவில் ஒரு தொகையைப் பற்றிக் கேட்டேன். "அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்" என்று தலைவரின் கணவர் பதில் சொன்னார். தலைவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் கல்லில் இருக்கிறது. வாரியப் பெருமக்களின் காலம் 360 நாள். அது முடிந்ததும் மறுபடி குடவோலை. நாம் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை 2019 டிசம்பரில்தான் தொடங்கினோம், அதுவும் எல்லா மாவட்டங்களிலும் அல்ல. அப்போது தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் வந்தது தேர்தல் அல்ல, தனி அலுவலர்கள். அன்று குடத்துக்குள் பெயர் போக வழியில்லாதவர்களைத் தலைவராக்கும் இட ஒதுக்கீடு நம் காலத்துச் சட்டம் செய்த பெரிய காரியம். அதற்காக 1997-இல் மதுரைப் பக்கத்து மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவரையே வெட்டிக் கொன்றோம். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டு காலம், 2006 வரை, தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்குத் தேர்தலை ஒழுங்காக நடக்கவிடவில்லை. உத்திரமேரூரைச் சொல்லும் மேடைகளில் இந்த ஊர்களின் பெயரை நான் கேட்டதில்லை.

ஐயாவிடம், "மேடையில் பேசுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னா என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். "நான் சொல்லி என்ன? நேரா அங்க போய் சுவரைப் பார்க்கச் சொல்லு. கோயில் திறந்துதான் இருக்கும்" என்றார்.

உங்களுக்கு நேரம் இருக்காது என்பதால் ஒரு சுலபமான வழி சொல்கிறேன். கணக்குக் காட்டாதவரைப் பற்றிய அந்தப் பகுதியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். அக்டோபர் 2 கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். குடவோலையைப் பற்றிப் பேசி முடித்ததும் அதையும் வாசித்துவிடுங்கள். உறவு முறைகள் கொஞ்சம் நீளம், ஒரு நிமிடம் ஆகும். வாசிக்கும்போது அந்த பிளக்ஸ் பேனரைச் சுருட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்