ஒரே படத்தில் இரண்டு பார்வைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான வேலூர்க் கோட்டையின் பறவைப் பார்வைப் படத்தை, பள்ளியில் நெடுங்காலம் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் ஆவலோடு பார்த்தேன். அகழியின் வளைவுகளை வரைந்த கை தேர்ந்த கை. ஆனால் அகழி நீர்ப்பரப்பு முழுவதும் தெரியும்படி வானிலிருந்து பார்க்கும் அப்படத்தில், ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரத்தின் நிலைகள் மட்டும், தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாற்போல், இருபுறமும் கீழ்நோக்கிச் சரிகின்றன. கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் விளிம்புகள், விலகிச் செல்லச் செல்ல மேலேறித்தான், கண்மட்டத்திலேயே அமையும் தொடுவானக் கோட்டில் சேர வேண்டும்.

இதற்கு முதலில் கண்ணின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். தரையிலிருந்து 400 அடி என்று வைத்துக்கொண்டால், சமதரையில் எந்த இடத்திலும் தரைக்கும் தொடுவானக் கோட்டுக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தூரம் அந்த 400 அடியையே குறிக்கும். கோபுரத்தை 100 அடி எனக் கொண்டால், அதன் அடியிலிருந்து தொடுவானம் வரையுள்ள தூரத்தில் கால் பங்குதான் அதன் உயரம். அருகில் வரைந்தாலும் தொலைவில் வரைந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தலையைக் குனிந்து பார்ப்பதாக வரைந்தால் மட்டும் செங்குத்துக் கோடுகளும் கீழே ஒரு மறைபுள்ளியை, அதாவது இணைகோடுகள் கூடுவதாகத் தோன்றும் புள்ளியை, நோக்கிக் கூடும். அங்கே இந்தப் பங்குக் கணக்கு உதவாது.

அகழி போன்ற கோணல்மாணலான உருவத்துக்குத் தரைப்படத்தின் மேல் சதுரக் கட்டங்கள் போட்டு, அதே கட்டங்களைப் பெர்ஸ்பெக்டிவில், அதாவது தொலைவுக்கேற்பச் சிறுத்துத் தோன்றும்படி, வரைந்து, அகழியின் கோடு கட்டங்களை வெட்டும் புள்ளிகளை ஒவ்வொன்றாக மாற்றுவதே நம்பத்தக்க வழி. எல்லாக் கட்டங்களிலும் ஒரே திசையில் செல்லும் மூலைவிட்டங்கள் தொடுவானத்தில் ஒரே புள்ளியில் கூடினால் கட்டம் சரி. யாரும் பறந்து பார்த்திராத 1500-ஆம் ஆண்டிலேயே வெனிஸ் நகரத்தின் வான்காட்சியை ஜாகோபோ தெ பார்பாரி ஆறு மரக்கட்டைகளில் அச்சாக்கினார் என்பதை என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

நம் ஊரில் வரைபவர் விழும் இன்னொரு பொறியும் உண்டு. கிழக்கே மலைகள் மறைத்து நிற்பதால், மலைமுகட்டின் விளிம்பையே தொடுவானமாகக் கொண்டுவிடுகிறோம். கண்ணைவிட உயரமான முகடு தொடுவானத்துக்கு மேலேதான் நிற்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் இது உடனே விளங்கிவிடும்.

தொழில்நுட்பத் தேர்வுக்குப் பயிலும் மாணவர்கள் உங்கள் இதழைப் பார்த்து வரைகிறார்கள். அடுத்த முறை இத்தகைய படத்தை வெளியிடும்போது, அதன் கட்டக் கோடுகளையும் பக்கத்தில் சிறிதாக அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
வேலூர்