சேமலாப நிதியில் இன்னொரு முறை கை வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வளர்ந்துவரும் நாடுகளுக்கு அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று எழுதுகிறவர்கள் இலங்கையையும் கானாவையும் மீண்டு வந்த நாடுகள் என்று ஒரே வரிசையில் வைக்கிறார்கள். சரிதான், இரண்டும் 2022இல் கடன் கட்ட முடியாமல் கைவிரித்தன, 2023இல் சர்வதேச நாணய நிதியத்திடம் தலா 3 பில்லியன் டொலர் அளவில் உதவிக்கு ஒப்பந்தம் செய்தன, 2024 தேர்தல்களில் இரண்டிலும் ஆட்சி மாறியது, பணவீக்கமும் இறங்கிவிட்டது. ஆனால் அதற்கு யார் காசு போனது என்று எழுத மாட்டேன் என்கிறார்கள்.

ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற பிள்ளையின் சம்பளத்தில் மாதாமாதம் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிக்கிறார்கள், முதலாளி 12 வீதம் போடுகிறார், வயதான காலத்துக்கு அவளுக்கு இருப்பது பெரும்பாலும் அதுதான். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று அந்த நிதியிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசு கடன் வாங்கியதற்குக் கொடுத்த பத்திரங்களை, நீண்டகால முறிகளாக மாற்ற வைத்தார்கள்: முதலில் 12 வீத வட்டி, அப்புறம் 9. மறுத்தால் நிதியின் முறி வருமானத்துக்கான 14 வீத வரி 30 ஆகும் என்ற நிபந்தனை வேறு. வங்கிகள் ஏற்கனவே அதிக வரி கட்டுகின்றன என்று அவற்றின் திறைசேரி முறிகளைத் தொடவில்லை.

கானாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கும் ஓய்வூதிய நிதிகளையும் முதலில் சேர்த்துத்தான் குறிவைத்தார்கள், 2022 டிசம்பரில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் என்று நின்றதும் அரசு பின்வாங்கியது, பிறகு தனியாகப் பேசித்தான் மாற்ற முடிந்தது. நம் சங்கங்களும் கத்தின, கேட்க ஆள் இல்லை.

2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாகி சமையல் எரிவாயுவிலும் ஏறியது, அதையும் அதே பிள்ளைதான் கட்டுகிறாள்.

இப்போது டித்வா புயல் பாலங்களையும் வயல்களையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது, 2028 முதல் வெளிநாட்டுக்குக் கட்ட வேண்டிய தொகையும் கூடும். அரசுக்குக் காசு தேவைப்படும்போது கண் எங்கே போகும் என்பதுதான் என் பயம். 2023 ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றத்தில் இந்த மறுசீரமைப்பை எதிர்த்து வாக்களித்த கட்சியே இன்று ஆட்சியில் இருக்கிறது. சேமலாப நிதியை நிர்வகிக்கும் இடத்தில் தொழிலாளர் தெரிவு செய்த பிரதிநிதிகளை உட்கார வைக்க ஒரு சட்டத்திருத்தம் போதும், அதை இந்த வருடமே கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
வவுனியா வாசகர் ஒருவர்