போஜ்புரியும் இலோகானோவும் வட்டார வழக்குகள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பீகார்ப் பக்கத்துப் போஜ்புரியையும் வடக்கு பிலிப்பைன்ஸின் இலோகானோவையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாகப் படித்தேன். இந்த இரண்டு பெயர்களும் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சாகும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. இரண்டாம் தடவை, ஒரு வரியை மட்டும் நான்தான் தவறாகப் படித்துவிட்டேனோ என்ற நப்பாசையில் படித்தேன். தவறில்லை. "இவை முறையே இந்தி, தகாலோக் மொழிகளின் வட்டார வழக்குகள்; சொல்லிக்கொள்ளும்படி இலக்கியம் இல்லாதவை" என்றுதான் இருந்தது. தகாலோக் என்பது மணிலாப் பக்கத்து மொழி.

நான் மொழியியல் படித்தவனல்ல. சரக்குக் கப்பல்களில் 26 வருடம் ஃபிட்டராக இருந்தவன். போஜ்புரி பேசும் பலியா மாவட்டத்து ஆயிலர் (எஞ்சினுக்கு எண்ணெய் போடுபவர்) ஒருவரோடும், இலோகானோ பேசும் லாவாக் பக்கத்துச் சமையற்காரர் ஒருவரோடும் ஒரே கப்பலில் மாதக்கணக்கில் இருந்திருக்கிறேன். பலியாக்காரர் வீட்டுக்குப் போன் பேசும்போது, டெல்லியில் பிறந்த எங்கள் இரண்டாம் எஞ்சினியர், "அவன் என்ன சொல்கிறான்?" என்று என்னைக் கேட்பார். தமிழனான என்னை! இந்தியில் 'நான் சாப்பிட்டேன்' என்று சொல்ல, 'நான்' என்பதோடு ஒரு 'நே' சேர்க்க வேண்டும். போஜ்புரியில் அந்த 'நே' கிடையாது. 'போவேன்' என்பதற்கு இந்திக்காரர் 'ஜாவூங்கா' என்பார், இவர் 'ஜாயிப்' என்பார். வயதில் மூத்த என்னை 'ரவுவா' என்றுதான் கூப்பிடுவார். நம் 'நீங்கள்' மாதிரி மரியாதைச் சொல். இந்தியில் அந்தச் சொல்லே இல்லை.

லாவாக்காரரோ சோறு வெந்ததும் 'மங்கான் தாயோன்' என்று கூப்பிடுவார். 'சாப்பிடுவோம் வாங்க' என்று அர்த்தம். அந்தத் 'தாயோ' என்பது நம் 'நாம்'. எதிரில் நிற்கிறவனையும் சேர்த்துக்கொள்ளும். அவரும் அவர் ஊர்க்காரர்களும் மட்டும் என்றால் 'காமி', அதாவது நம் 'நாங்கள்'. இந்த வேறுபாடு தகாலோகிலும் உண்டுதான். ஆனால் காலை வணக்கத்துக்கு மணிலாக்காரர் 'மகன்டாங் உமாகா' என்பார், இவர் 'நயிம்பாக் ஆ பிகாத்' என்பார். ஒன்று மற்றொன்றின் வட்டார வழக்கு என்று எந்தக் காதால் கேட்டுச் சொன்னார் கட்டுரையாளர்?

இலக்கியம் இல்லையாம். பீகாரின் சாரண் மாவட்டத்தில் 1887இல் பிறந்து, நாவிதத் தொழில் செய்து, பிழைக்க ஊரைவிட்டுப் போனவர்களின் மனைவிமார் படும் பாட்டை 'பிதேசியா' என்று நாடகமாக்கி ஊர் ஊராக ஆடிய பிக்காரி டாக்கூர் யார்? இலோகானோவில் 1621லேயே அச்சுப் புத்தகம் வந்துவிட்டது. 'பன்னாவாக்' வார இதழ் 1934இல் தொடங்கியது. பிலிப்பைன்ஸின் வீகான் ஊரில் 19ஆம் நூற்றாண்டில் கவிதை எழுதிய லியோனா ஃப்ளோரென்டினோ ஒரு பெண். இலோகானோவின் லாம்-ஆங் காவியத்தைச் சமையற்காரர் எனக்குக் கதையாகவே சொல்லியிருக்கிறார். அதன் நாயகன் பிறந்ததுமே பேசி, தன் பெயர் இன்னதென்று தானே சொன்னவன். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. பிறகு எப்படி அச்சுக்குப் போனது என்பதுதான் என் வருத்தம்.

ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒப்பிட்டிருந்தால் நானே கட்டுரையை வெட்டி எடுத்து வைத்திருப்பேன். ஒன்று இந்தோ-ஆரிய மொழி, மற்றது மலாய்க்கு உறவான ஆஸ்திரோனேசிய மொழி. பிறப்பில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இரண்டையும் சேர்த்தது கரும்பு. 1834 முதல் மொரீஷியஸ், 1845இல் டிரினிடாட், 1873இல் சுரினாம், 1879இல் ஃபிஜி என்று போஜ்புரி பேசியவர்களைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள். 1906 டிசம்பரில் இலோகானோக்காரர்கள் 15 பேர் 'டோரிக்' கப்பலில் ஹவாயில் இறங்கினார்கள். பின்னால் ஆயிரக்கணக்கில் போனார்கள். மொரீஷியஸின் போர்ட் லூயியில் ஒரு காய்கறிக்கடைப் பாட்டி எங்கள் ஆயிலரிடம் போஜ்புரியில் பேச ஆரம்பித்ததும், ஆயிலர் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தத் தீவுக்கு நம்மவர்களும் அதே கரும்புக்காகப் போனவர்கள்தான். கட்டுரையில் கரும்பு என்ற சொல்லே வரவில்லை.

அரசாங்கங்கள் செய்வது போதாதா? 2011 கணக்கெடுப்பில் 5 கோடியே 5 லட்சம் பேருக்கு மேல் தாய்மொழி போஜ்புரி என்று சொன்னார்கள்; அத்தனை பேரையும் இந்தியின் கீழ்தான் கூட்டினார்கள். 2003இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் மைதிலிக்கு இடம் கிடைத்தது, போஜ்புரி இன்றும் வெளியே நிற்கிறது. பிலிப்பைன்ஸில் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியிலேயே சொல்லிக்கொடுக்கும் முறையை 2024இல் ஒரு சட்டம் நிறுத்திவிட்டது. அப்போதைய அதிபரோ, இலோகானோ பேசும் இலோகோஸ் நோர்ட்டே மாகாணத்தின் முன்னாள் ஆளுநர். எங்கள் ஊரில் கட்டட வேலைக்கு வந்த, போஜ்புரி பேசும் சிவான் மாவட்டத்துக்காரரின் மகளைப் பள்ளியில் சேர்க்க நான் கூடப் போனேன். தாய்மொழி என்ற இடத்தில், கேட்காமலே 'இந்தி' என்று எழுதினார்கள். நான் எடுத்துச் சொன்னதற்கு, "எல்லாம் ஒன்றுதானே சார்" என்றார்கள். அவர்கள் சொன்னதையும் பொறுத்துக்கொண்டேன். மொழிக்காக உயிரைக் கொடுத்தவர்களின் நாட்டில் வெளியாகும் ஒரு தமிழ் இதழ் அதையே அச்சில் சொல்வதைப் பொறுக்க முடியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கள் இதழில் துளுவைக் கன்னடத்தின் கிளைமொழி என்று எழுதியபோதும் நான் கடிதம் போட்டேன். நான்கு பக்கக் கடிதத்தில், இதழைப் பாராட்டிய இரண்டு வரி மட்டும் வெளிவந்தது. அன்றும் இதழை நிறுத்தவில்லை, இன்றும் சந்தா கட்டித்தான் வாசிக்கிறேன்.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், 'வட்டார வழக்குகள்' என்பதை 'மொழிகள்' என்று திருத்திப் படிக்கவும் என ஒரு வரி போடுங்கள். இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்ட வேண்டி வந்தால், என்னைப் பற்றிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். பிக்காரி டாக்கூர் பெயரையும் லியோனா ஃப்ளோரென்டினோ பெயரையும் மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம்.

தங்கள் நீண்டநாள் சந்தாதாரர்,
தூத்துக்குடி