முன்னுரையின் மூன்றாவது வரி

சிவகாசி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். காலண்டர் சீசன் முடியும்வரை அச்சகத்தை விட்டு நகர முடியவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவன் பத்தாவது எழுதிவிட்டான். வீட்டு விசேஷம் அவ்வளவுதான்.

என் விசேஷத்துக்கு வருகிறேன். நான் வடிவமைத்த ஒரு இணையப் பக்கத்தைத் திறமூல மென்பொருள் ஒன்றில், அதாவது யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளில், சேர்த்துக்கொண்டார்கள்! மெர்ஜ் ஆகிவிட்டது என்று நேற்று ராத்திரி மெயில் வந்தது. பங்களித்தவர்கள் பட்டியலில் என் பெயர், தமிழிலேயே.

'தமிழ்' என்று வர ஜே, கே, பீ, ஓ, செமிகோலன் என்று தட்டுவோமே, அந்த பாமினி காலம் ஞாபகம் இருக்கிறதா? அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கும். கோயில் மலர், மணிவிழா மலர் என்று இருபது வருட ஃபைல்கள் எங்கள் அச்சகத்தில் அப்படித்தான் முடங்கியிருந்தன. அவற்றை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுகிற மென்பொருள் இது. இரண்டு வருடமாகக் காசில்லாமல் பயன்படுத்துகிறேன். ஆனால் போனில் திறந்தால் எழுத்து கடுகாகத் தெரியும், பெட்டி பக்கவாட்டில் ஓடும். நிரல் எழுத எனக்குத் தெரியாது. பக்கம் அமைக்கத் தெரியுமே! இணையப் பக்கத்தைக் கட்டவும் அழகுபடுத்தவும் வேண்டிய எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் ஒரு மாதம் ராத்திரிகளில் படித்தேன். மேலே ஒரு பெட்டி, நடுவில் ஒரு பொத்தான், கீழே ஒரு பெட்டி. அதற்குமேல் எதுவும் வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

அதிக நேரம் எடுத்தது வரி இடைவெளிதான். ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு போதும். நமக்குப் 'பூ'வின் கால் கீழே இறங்கும், அடுத்த வரியில் 'கீ'யின் சுழி மேலே எழும்பும், இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அளவாக வைத்துப் பார்த்து 1.7-இல் நிறுத்தினேன். அப்புறம் பொத்தான். 'கன்வர்ட்' என்று இருந்ததை 'யூனிகோடுக்கு மாற்று' என்றதும் எழுத்து பொத்தானை விட்டு வெளியே வந்துவிட்டது. அகலத்தை பிக்சலில் கட்டிப்போட்டதால் வந்த வினை. அதை எடுத்துவிட்டு, எழுத்துக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டேன். எவ்வளவு நீளமான சொல் வந்தாலும் இனிப் பொத்தான் தானே விரியும்.

என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் புல் ரெக்வஸ்ட் அனுப்பிய நான்காம் நாள், அதைச் சரிபார்த்தவர் இரண்டு திருத்தம் சொன்னார். ஒன்று, சாம்பல் எழுத்து மங்கல். பின்னணிக்கும் எழுத்துக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு வேண்டுமாம். இரண்டாவது, பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே குறிப்பில் இருந்தது. திரையில் உள்ளதைச் சத்தமாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் கொண்டு பார்வையற்றவர்கள் கேட்கும்போது ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கத் திணறும், தமிழ் என்று மாற்றுங்கள் என்றார்.

படித்ததும் நம் பள்ளிக்கூட சார் நினைவுதான் வந்தது. அவருக்குக் கண் போய் மூன்று வருடம் ஆகிறது, உனக்குத் தெரியும். மகள் அவருக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது, அதுவும் திறமூலம்தான். மொழிக் குறிப்பைத் திருத்திய கையோடு போன ஞாயிறு சாத்தூருக்கே போய்விட்டேன். நாம் தட்டிய பள்ளி மலரில் சார் எழுதிய முன்னுரையைப் பெட்டியில் போட்டு மாற்றினேன். கணினி தமிழில் படிக்க ஆரம்பித்தது. சார் முழங்காலில் கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் வெகுநேரம் பேசவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் கேட்டார்: "மூணாவது வரியில ஒரு ஒற்று விட்டுப்போச்சே, அப்படியே இருக்கா?"

இருந்தது, மல்லிகா. அது நீ தட்டிய பக்கம்!

மலரின் மற்றப் பக்கங்கள் எங்கள் கணினியில் இல்லை. உன் வீட்டுப் பரணில் அந்த சிடி இருக்கிறதா என்று பார். சார் தினமும் மகளிடம் கேட்டு போன் போடச் சொல்கிறாராம்.

அன்புடன்,
செல்வி