விகடகவி இல்லைன்னு சொன்ன கம்ப்யூட்டர்

அடியே,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலைன்னு திட்டியிருப்ப, திட்டு. பேப்பர் திருத்தி முடிச்சு இன்னைக்குத்தான் கை காலியாச்சு. நாலு வரியில எழுதி அனுப்பிடலாம்னுதான் உக்காந்தேன், ஆனா கம்ப்யூட்டர் கிளப்பை எப்படி நடத்தறதுன்னு நீ கேட்டது நாலு வரியில அடங்கற விஷயம் இல்ல, மெதுவா படி.

கணக்கு டீச்சரைப் புடிச்சு கம்ப்யூட்டர் கிளப்புக்கு இன்சார்ஜ் ஆக்கிட்டாங்கன்னு நீ புலம்பினதப் படிச்சு நல்லா சிரிச்சேன், சாரிடி. காலேஜ் லேப்ல என் ஸ்கிரீனை எட்டி எட்டிப் பாத்து டைப் அடிச்சவ நீ, உனக்கு இது தேவைதான். ஆனா நெஜமா சொல்றேன், இந்த வேலைக்கு என்னை மாதிரி ஆளுங்களை விட நீதான் பொருத்தம், ஏன்னு போகப்போக தெரியும்.

முதல்ல நான் அடிச்ச கூத்தைக் கேளு. கிளப் ஆரம்பிச்ச வருஷம் ஒம்பதாம் கிளாஸ் பசங்க ஒரு இருபது பேரு. போர்டுல பைத்தான்ங்கற புரோக்ராம் மொழியில இருபது வரி எழுதிப் போடுவேன், பாத்து அடிங்கன்னு சொல்லுவேன், அடிப்பாங்க, ஓடும், எல்லாருக்கும் ஓடுச்சுன்னு எனக்கு ஒரே பெருமை. மூணு மாசம் இப்படியே ஓட்டிட்டேன். ஒரு நாள் சும்மா ஒரு வரியைக் காட்டி இதை அழிச்சா என்ன ஆகும்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் திறக்கல. ஒரு பையன் மட்டும் "மிஸ், மார்க் போயிடும்"ன்னான். அன்னைக்குத்தான் புரிஞ்சுது, நான் மூணு மாசமா நடத்தினது டைப்ரைட்டிங் கிளாஸ்னு.

அதுக்கப்புறம் திருந்தினதும் தற்செயலாத்தான். ரெண்டு நம்பர் வாங்கி கூட்டிக் காட்டற புரோக்ராம் போட்டோம், நாலே வரி. ஒரு பொண்ணு 5 அடிச்சா, அப்புறம் 7 அடிச்சா, ஸ்கிரீன்ல 57ன்னு வந்துச்சு. லேப் முழுக்க ஒரே சிரிப்பு, கம்ப்யூட்டருக்கு கணக்கு வராதுன்னு கத்தறாங்க. நான் திருத்தறதுக்காக கைய நீட்டினேன், அப்புறம் என்னமோ தோணி கைய எடுத்துட்டு, சரி, 12க்கும் 3க்கும் என்ன வரும்னு நோட்டுல எழுதுங்க, எழுதின அப்புறம்தான் ரன் பண்ணணும்னேன். பாதிப் பேரு 15, பாதிப் பேரு 123, ஒருத்தன் 1215ன்னு கூட எழுதினான், அவனுக்கு என்ன கணக்கோ. ரன் பண்ணா 123. அஞ்சு நிமிஷத்துல அவங்களாவே சொல்லிட்டாங்க, மிஸ் இது கூட்டல, ஒட்டுதுன்னு. கீபோர்டுல அடிக்கறது எதுவா இருந்தாலும் பைத்தான் அதை எழுத்தாத்தான் வாங்கிக்கும், நம்பரா மாத்துன்னு நாமதான் சொல்லணும். இதை நான் போர்டுல எழுதிப் போட்டிருந்தா ஒருத்தனுக்கும் நெனப்பு இருந்திருக்காது.

அதுல இருந்து எங்க கிளப்ல ஒரே ஒரு சட்டம்தான். ரன் அழுத்தறதுக்கு முன்னாடி என்ன வரும்னு பேனாவால எழுதணும், பென்சில் கூடாது, பென்சில்னா தப்பானதும் அழிச்சுட்டு நான் அப்பவே சொன்னேன்னு சொல்லுதுங்க. இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்சதில்ல, பிரிட்டன்ல சூ சென்டன்ஸ்னு ஒருத்தங்களும் அவங்க கூட இருக்கறவங்களும் இதை ஒரு முறையாவே ஆக்கி பிரிம்னு பேர் வெச்சிருக்காங்க. முதல்ல என்ன வரும்னு சொல்லு, அப்புறம் ஓட்டு, அப்புறம் நோண்டிப் பாரு, கொஞ்சம் மாத்து, கடைசியாத்தான் சொந்தமா எழுது. நான் முட்டி மோதி வந்து சேர்ந்த எடத்துக்கு அவங்க ஏற்கெனவே ரோடு போட்டு வெச்சிருக்காங்க.

கம்ப்யூட்டர் பத்தலைன்னு எழுதியிருந்த. முதல் மூணு வாரம் அதை ஆன் பண்ணவே பண்ணாத. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வேற கலர்னு இருக்கற அட்டை 36 வெட்டிக்கோ. ஒரு புள்ளைய கூப்பிட்டு அஞ்சுக்கு அஞ்சு இஷ்டத்துக்கு அடுக்கச் சொல்லு. இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்கறேன்னு சொல்லிட்டு நீ ஓரத்துல ஒரு வரிசையும் கீழ ஒரு வரிசையும் சேரு. நீ திரும்பி நிக்கணும், அவங்க ஏதாவது ஒரு அட்டைய பொரட்டிப் போடணும், நீ திரும்பிப் பாத்து இதுதான்னு தொடணும். ஆ-ன்னு வாயப் பொளப்பாங்க. சூட்சுமம் என்னன்னா, நீ சேத்த அட்டையால ஒவ்வொரு வரிசையிலயும் கறுப்பு எண்ணிக்கை ரெட்டைப்படை ஆகியிருக்கும், குறுக்கயும் நெடுக்கயும். ஒண்ணு பொரண்டா குறுக்க ஒரு வரிசையும் நெடுக்க ஒரு வரிசையும் ஒத்தைப்படை ஆகும், ரெண்டும் வெட்டிக்கற எடத்துலதான் திருடன். கம்ப்யூட்டர் அனுப்பற தகவல்ல ஒரு பிட், அதாவது ஒரு 0 இல்லன்னா 1, மாறிப் போனாலும் அடிப்படையில இப்படித்தான் புடிக்குது, பாரிட்டின்னு பேரு. நியூசிலாந்துல கேன்டர்பரி யுனிவர்சிட்டியில டிம் பெல்லும் இன்னும் சிலரும் 1990கள்ல இருந்து சேத்து வெச்சிருக்கற சிஎஸ் அன்பிளக்டுங்கற தொகுப்புல இது மாதிரி நெறைய இருக்கு, எல்லாம் இலவசம்.

ஆனா நான் சொல்ல வந்தது வித்தை இல்லடி. எப்பவும் பின் பெஞ்சுல உக்காந்து வாயே திறக்காத ஒரு பொண்ணு எழுந்து வந்தா, மிஸ் நான் ஒண்ணு பொரட்டறேன்னா. திரும்பிப் பாத்தேன், எல்லா வரிசையும் ரெட்டைப்படை. மறுபடி எண்ணினேன், ரெட்டைப்படைதான். நீ எதையும் தொடலையேன்னேன். நாலு தொட்டேன் மிஸ்னா. செவ்வகத்தோட நாலு மூலை மாதிரி நாலு அட்டைய பொரட்டியிருக்கா, ஒவ்வொரு வரிசையிலயும் ரெண்டு ரெண்டு மாறினதால எண்ணிக்கை அப்படியே ரெட்டையாவே நின்னுடுச்சு. யாரும் சொல்லிக் குடுக்காம அந்த முறையோட ஓட்டைய அவளாவே கண்டுபிடிச்சுட்டா. அடுத்த வாரம் லைப்ரரில இருந்து புஸ்தகங்களை எடுத்துட்டு வந்து பின் அட்டைல பார்கோடு பக்கத்துல இருக்கற ஐஎஸ்பிஎன்ங்கற 13 இலக்க புஸ்தக அடையாள நம்பரைக் குடுத்தேன், அதுலயும் தப்பைப் புடிக்க ஒரு வழி இருக்கு. ஒண்ணுவிட்டு ஒண்ணு 1 ஆலயும் 3 ஆலயும் பெருக்கிக் கூட்டினா பத்தால வகுபடணும், இல்லன்னா நம்பர்ல தப்பு. பக்கத்து பக்கத்து இலக்கம் ரெண்டை மாத்திப் போட்டா பெரும்பாலும் மாட்டிக்கும், ஆனா 1ம் 6ம் மாதிரி அஞ்சு வித்தியாசம் இருந்தா தப்பிச்சுடும். ஏன்னு உனக்கு நான் சொல்லணுமா.

அப்புறம் டர்டில், ஸ்கிரீன்ல ஒரு ஆமைய நகர்த்திக் கோடு போட வெக்கறது. பைத்தான் கூடவே வருது, பெரும்பாலும் தனியா எதுவும் போட வேண்டாம். சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் இவங்க 1967ல லோகோ மொழிய உருவாக்கினாங்க இல்ல, அதுல இருந்து வந்த ஆமைதான் இது. முக்கோணம் போடச் சொல்லு. முன்னாடி 100, திரும்பு 60, இதை மூணு தடவைன்னு எழுதுவாங்க, ஏன்னா முக்கோணத்துல கோணம் 60ன்னு நீதான் மண்டையில ஏத்தியிருக்க. வர்றது பாதி அறுகோணம். ஆமைக்கு உள்கோணம் தெரியாது, எவ்வளவு திரும்பணும்ங்கறதுதான் கணக்கு, அது 120. திட்டாத, விளக்கம் சொல்லாத, ஒருத்தனை தரையில நடக்கச் சொல்லு, ஒடம்பு திரும்பறப்போ அவனுக்கே தெரிஞ்சுடும். அஞ்சு முனை நட்சத்திரத்துக்கு 144, அஞ்சு தடவை திரும்பினா 720, அதாவது ரெண்டு முழு சுத்து. இதை ஒரு பையன் கண்டுபிடிச்சுட்டு ஏழு முனைக்கும் கணக்கு போட்டான், வீட்டுக்குப் போகவே மாட்டேன்னுட்டான்.

இப்ப நான் ஆசையா எழுத வந்த சமாச்சாரம். பாலிண்ட்ரோம் பாக்கற புரோக்ராம் போட்டோம். வார்த்தையத் திருப்பிப் போட்டா அதே வருதான்னு பாக்கணும், மூணு வரி வேலை. 12321 குடுத்தாங்க, ஆமான்னுச்சு. இங்கிலீஷ் வார்த்தை நாலஞ்சு குடுத்தாங்க, எல்லாம் சரி. ஒருத்தி விகடகவி அடிச்சா. நோட்டுல இருபது பேரும் ஆமான்னு பேனாவால எழுதியாச்சு, ஒருத்தர் கூட சந்தேகப்படல, நானும்தான். ரன் பண்ணா இல்லைங்குது.

டைப்பிங் மிஸ்டேக்னாங்க, திரும்ப அடிச்சாங்க, இல்லை. திருப்பினத பிரின்ட் பண்ணுங்கன்னேன். முதல்ல புள்ளி வட்டத்துல தொங்கிட்டு ஒத்தைக் கொக்கி, அப்புறம் வகடகிவன்னு என்னமோ வந்துச்சு. என்னடா இதுன்னு நீளம் எத்தனைன்னு கேக்க வெச்சேன். நாம எண்ணினா அஞ்சு எழுத்து, அது 7ங்குது. தமிழ்ங்கற வார்த்தைய குடுத்தா நமக்கு மூணு, அதுக்கு அஞ்சு. ஒரே சண்டை, கம்ப்யூட்டருக்கு தமிழ் தெரியாதுன்னு ஒரு கட்சி, மிஸ் நமக்குத்தான் தெரியலன்னு இன்னொரு கட்சி.

கம்ப்யூட்டர் எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுத்து வெச்சுக்கற முறைக்கு யூனிகோடுன்னு பேரு, அதுல வி-ங்கறது ஒரு எழுத்து இல்ல, வ தனியா, கொக்கி தனியா. ழ் கூட அப்படித்தான், ழ ஒண்ணு, புள்ளி ஒண்ணு. திருப்பிப் போட்டா கொக்கி முன்னாடி வந்துடும், அடுத்தவன் தலையில போய் ஒட்டிக்கும், க பாவம் கி ஆயிடுச்சு. இதைக் கண்டுபிடிக்க அவங்களுக்கு ரெண்டு வாரம் ஆச்சு, நான் வாயத் திறக்கவே இல்ல, நாக்கைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன், அதான்டி இந்த வேலையிலயே ரொம்பக் கஷ்டம். சரி பண்ணினதும் அவங்கதான். துணையெழுத்து, கொக்கி, கொம்பு எல்லாம் 11, புள்ளியோட சேத்து 12, இதை ஒரு லிஸ்ட்ல போட்டு, வர்றது இந்த லிஸ்ட்ல இருந்தா தனியா வெக்காத, முன்னாடி எழுத்தோட ஒட்டிடு, அப்புறம் திருப்புன்னு எழுதினாங்க. ஓடுச்சு. கத்தின கத்துல பக்கத்து கிளாஸ்ல இருந்து ஆளு வந்துட்டாங்க. உயிர்மெய் எழுத்துன்னா மெய்யும் உயிரும் சேர்ந்ததுன்னு ஆறாம் கிளாஸ்ல மனப்பாடம் பண்ணது அன்னைக்குத்தான் கண்ணால பாத்தாங்க.

மைக்ரோபிட் வாங்கலாமான்னு கேட்டிருந்த. கெடச்சா நல்லதுதான், 2016ல பிரிட்டன்ல பத்து லட்சம் போல பசங்களுக்கு சும்மாவே குடுத்தாங்க இல்ல, அந்த குட்டி கம்ப்யூட்டர் போர்டுதான், உள்ளங்கை சைஸ்ல 25 லைட்டு. போர்டு இல்லன்னாலும் அதுக்கு புரோக்ராம் எழுதற மேக்கோடுங்கற சைட்ல சிமுலேட்டர் இருக்கு, பிரவுசர்லயே ஆட்டிப் பாக்கலாம். நடக்கற அடிய எண்ணற கருவி பண்ணச் சொல்லு. முதல்ல மேஜை மேல அசையாம வெச்சா ஆக்சிலரோமீட்டர், அதாவது அதுல இருக்கற அசைவை அளக்கற சென்சார், மேல-கீழ திசையில என்ன காட்டும்னு எழுத வை, எல்லாரும் 0ன்னு எழுதுவாங்க. காட்டறது 1000 பக்கத்துல, போர்டை வெச்ச பக்கத்தைப் பொறுத்து மைனஸாவும் வரும். அசையாம இருந்தாலும் புவியீர்ப்பு இருக்கே. அங்க இருந்து மூணு திசையையும் வர்க்கம் பண்ணிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கறதுக்குப் போயிடலாம், உன் ஏரியா.

ஏஐ பத்தியும் கேட்ட. டீச்சபிள் மெஷின்ங்கற கூகுள் சைட்ல விரிச்ச கை, மூடின கைன்னு ரெண்டு வகை போட்டோ எடுத்து கத்துக் குடுத்தோம், முகம் வேண்டாம்னு சொல்லிட்டேன், கையும் பேனாவும் போதும். ஜன்னல் பக்கம் சூப்பரா ஓடுச்சு, எடம் மாத்தி உக்காந்தா எல்லாத்தையும் மூடின கைங்குது. கைய விட பின்னாடி இருந்த சுவரைத்தான் அது நல்லா கத்துக்கிட்டிருக்கு. சாட்பாட்ல கேட்டு ரெடிமேடா கோடு கொண்டு வர்ற பசங்களும் இருக்காங்க, நான் சண்டை போடறதில்ல, அதே சட்டம்தான், எந்த வரியக் காட்டினாலும் என்ன பண்ணும்னு ஓட்டாம சொல்லணும், சொல்லத் தெரியலைன்னா அது உன் கோடு இல்ல.

ஒரு மிஷினுக்கு ரெண்டு பேரு உக்கார வை, ஒருத்தர் கீபோர்டு, ஒருத்தர் வாய் மட்டும், ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். டைமர் வை, இல்லன்னா வேகமா அடிக்கற பையன் கீபோர்டை விடவே மாட்டான், பக்கத்துல இருக்கற பொண்ணு வருஷம் பூரா வேடிக்கை பாத்துட்டுப் போயிடுவா. எங்க கிளப்ல முதல் வருஷம் அதுவும் நடந்துச்சு, நான் கவனிக்கவே இல்ல.

வர்ற தப்பையெல்லாம் எழுதி வெக்க ஒரு நோட்டு வாங்கி வை. எங்களுது பேரு பூச்சி நோட்டு, பக்னா பூச்சி, புரோக்ராம்ல வர்ற தப்புக்கும் அதான் பேரு. 1947 செப்டம்பர் 9ல ஹார்வர்ட் மார்க் 2ங்கற அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல ரிலேங்கற சுவிட்சுக்குள்ள ஒரு அந்துப்பூச்சி மாட்டி, அதை எடுத்து லாக் புக்லயே டேப் போட்டு ஒட்டி, நெஜமாவே பக் கெடச்ச முதல் கேஸ்னு எழுதி வெச்சாங்க, கிரேஸ் ஹாப்பர் வேலை பாத்த குழு. பக்ங்கற வார்த்தை அதுக்கு முன்னாடியே இருந்ததுதான், அதான் அது ஜோக். எங்க நோட்டுல 57தான் முதல் பக்கம். தப்பு பண்ணவங்க பேரு போட மாட்டோம்னு நான் சொன்னேன், ஆனா அவங்களே போட்டுக்கறாங்க, அடிச்சுப்புடிச்சு.

சரி, உன் முட்டி வலி எப்படி இருக்கு, டாக்டர் கிட்ட போனியா இல்ல இன்னும் கூகுள்தானா. அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு வர முடியல, நேர்ல வந்து திட்டு வாங்கிக்கறேன். கிளப் முதல் நாள் அட்டை வித்தைய பண்ணிட்டு எவ நாலு மூலைய பொரட்டறான்னு எனக்கு எழுது, உடனே எழுது.

எங்க ஆளுங்க விகடகவி ஓடின தெம்புல வர்ற வெள்ளிக்கிழமை தேரு வருதே போட்டுப் பாக்கப் போறாங்களாம். நடுவுல இருக்கற ஸ்பேஸ் காலை வாரப் போகுது. நான் சொல்லல.

உன் பழைய லேப் பார்ட்னர்