மனந்திரும்புதலில் துக்கத்துக்கு இடமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து காலத்தையொட்டித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த வாசகர் கடிதம் ஒன்று, கிறிஸ்தவ மனந்திரும்புதல் என்பது ஒரு தீர்மானம் மட்டுமே என்றும், நற்செய்தி மகிழ்ச்சியின் செய்தியாக இருக்கையில் பாவத்துக்காக அழுது புலம்புவது பழங்காலத்து மனப்போக்கு என்றும் வாதிட்டிருந்தது. கண்ணீரைக் காட்சிப்பொருளாக்கும் கூட்டங்களைப் பார்த்து அந்த வாசகர் சலித்துப்போயிருக்கிறார் என்பது வரிக்கு வரி தெரிகிறது. அந்தச் சலிப்பில் எனக்கும் பங்குண்டு. ஆயினும், துக்கத்தையே அப்புறப்படுத்திவிட்டால் மனந்திரும்புதலில் மிஞ்சுவது என்ன என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

கொரிந்து நகரச் சபையாருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் (கடிதத்தின்) 7-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் இதைப் பற்றித் தம் சொந்த அனுபவத்திலிருந்தே பேசுகிறார். தாம் முன்பு அனுப்பிய கடுமையான கடிதம் அந்தச் சபையாரைத் துக்கப்படுத்தியதையும், அதை எழுதியதற்காகத் தாமே முதலில் வருந்தியதையும், பிறகு அந்தத் துக்கம் அவர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று கண்டு மகிழ்ந்ததையும் அவர் ஒளிக்கவில்லை. தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது என்றும், லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்குகிறது என்றும் அவர் பிரித்துச் சொல்வது அங்கேதான். ஆக, துக்கமும் மனந்திரும்புதலும் ஒன்றல்ல. முன்னது பின்னதற்கு வழி. அடுத்த வசனத்தில் அந்தத் துக்கத்தின் விளைவுகளாக ஜாக்கிரதை, ஆவல், பக்திவைராக்கியம் என்று அடுக்கிக்கொண்டே போகிறவர், எவ்வளவு நேரம் அழுதார்கள் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வாசகர், இயேசுவைச் சந்தித்துத் திருந்திய சகேயு என்ற ஆயக்காரனை (வரி வசூலிப்பவனை) எடுத்துக்காட்டி, அவன் அழவில்லையே என்று கேட்கிறார். நற்செய்தியாளர் லூக்கா அவன் அழுததாக எழுதவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே லூக்கா, அதற்கு முந்திய அதிகாரத்திலேயே, வானத்தை அண்ணாந்துபார்க்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்ட இன்னொரு ஆயக்காரனைக் காட்டிவிட்டுத்தான் சகேயுவிடம் வருகிறார். தவிரவும், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன் என்று எழுந்து நின்று சொல்லும் ஒரு மனிதனுக்கு, தன்னிடம் பறிகொடுத்தவர்களின் முகங்கள் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? கண்ணில் நீர் வராததால் நெஞ்சில் துக்கம் இல்லை என்று ஆகிவிடாது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கத் தேவாலயங்கள் நடந்துபோகும் தூரத்திலேயே அமைந்திருக்கும் இந்த பிரிக்பீல்ட்ஸில் வசிப்பவன் என்பதால், பல சபைகளின் கூட்டங்களுக்கும் போய்வருபவன் நான். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு லெந்துகால ஜெபக்கூட்டத்தில், ஒருவர் முன்னால் வந்து முழங்காலிட்டுக் குரல் உடைந்து அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் டிஷ்யூவை நீட்டினார்கள். கீபோர்ட் மெதுவாக ஒலித்துக்கொண்டே இருந்தது. அவரை நம்பிச் சீட்டுப் பணம் கட்டி ஏமாந்த ஓர் அம்மா, மடியில் கைப்பையை இறுகப் பிடித்தபடி கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்து மீகூன் பரிமாறப்பட்டபோது, அழுதவர் அந்த அம்மாவின் மேசையைக் கடந்துபோய்ப் போதகருக்குக் கைகொடுத்தார். அவருடைய கண்ணீர் பொய் என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர் எதற்காக அழுதார்: ஊரில் தம் பெயர் கெட்டதற்காகவா, அந்த அம்மாவின் பிள்ளை கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றதற்காகவா? அழுதாலும் பிள்ளை அவள்தான் பெறவேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னது பிரசவ அறைக்கு மட்டும் பொருந்துவதல்ல.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடனான யூதாஸ், அதற்காக வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்தவன். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததால் பாவம் செய்தேன் என்று வாய்விட்டு அறிக்கையிட்டவன். இன்னொரு சீடரான பேதுருவும் அதே இரவில் தம் ஆண்டவரை மறுதலித்து, வெளியே போய் மனங்கசந்து அழுதார். வேதனையின் அளவை வைத்துப் பார்த்தால் இருவரில் யாருடையது பெரிது என்று சொல்லவே முடியாது. பேதுரு சீடர்களோடேயே இருந்தார்; உயிர்த்தெழுந்தவர் அவரைத் தேடி வந்தபோது கண்டுகொள்ளப்படும் இடத்தில் இருந்தார். யூதாஸோ பிரதான ஆசாரியர்களிடம் போனான். ஆறுதலுக்குப் பதிலாக அவனுக்குக் கிடைத்தது, எங்களுக்கென்ன, அது உன்பாடு என்ற பதில். பாவத்துக்காக நொந்து வந்தவனைப் பார்த்து, அதைக் கேட்கவேண்டிய ஆசாரியர்களே அப்படிச் சொன்னார்கள் என்பதை நம் சபை மூப்பர்கள் அடிக்கடி வாசிப்பது நல்லது.

சபைப் பிரிவுகளுக்கிடையே இதில் பெரிய பகை இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1551-இல், மனஸ்தாபம் என்பது செய்த பாவத்தைக் குறித்த உள்ளத்தின் துயரமும் வெறுப்பும், இனிப் பாவம் செய்வதில்லை என்ற தீர்மானமும் சேர்ந்தது என்று வரையறுத்தது. வாசகர் வற்புறுத்தும் தீர்மானம் அங்கே துயரத்தோடு சேர்ந்தே வருகிறது. லுத்தரன்களின் 1530-ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையும் மனந்திரும்புதலின் முதல் பகுதியாக மனச்சாட்சியின் நடுக்கத்தையும், இரண்டாவதாக விசுவாசத்தையும் வைத்து, நற்கிரியைகள் அவற்றின் கனிகளாகத் தொடரவேண்டும் என்கிறது. கருத்து வேறுபாடு வேறு இடங்களில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தன் மனஸ்தாபம் உண்மையானதுதான் என்று எவனும் நிச்சயமாகச் சொல்லமுடியாது என்று லுத்தரன் சபையின் முன்னோடியான மார்ட்டின் லுத்தர் 1517-இல் தம் 95 வாதங்களுள் ஒன்றில் எழுதியது, கண்ணீரை அளந்து பார்க்க நினைக்கும் எல்லாச் சபையாருக்கும் பொருந்தும்.

துக்கத்துக்கு ஒரு முடிவும் உண்டு. கொரிந்தில் தண்டிக்கப்பட்ட ஒருவனைக் குறித்துப் பவுல், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு அவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் சபையாரிடம் கேட்டுக்கொள்கிறார். நம்மிடையே ஒருமுறை தவறியவரை, அவர் திருந்தி வந்த பிறகும், கலியாண வீடு தொடங்கிக் கல்லறைத் தோட்டம்வரை அந்தப் பழைய தவற்றின் பெயரிலேயே அடையாளம் சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அது பவுலின் இந்த வார்த்தைக்கு நேர் எதிரானது.

ஆகவே போதகர்களுக்கும் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்னால் வந்து அழுகிறவரை ஒலிபெருக்கியின் அருகில் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்லாமல், மறுநாள் தனியே உட்காரவைத்து, யாருக்கு என்ன செய்தீர்கள், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். இழந்தவர் இறந்துவிட்டாரே, இனி யாரிடம் போய்க் கொடுப்பது என்று அவர் கேட்கலாம். பழைய ஏற்பாட்டின் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் அதற்கும் ஒழுங்கு சொல்லியிருக்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கவேண்டும், பெற்றுக்கொள்ள இனத்தானும் இல்லையென்றால், அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் சேரவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.